முதலில் திருப்புங்கள், பிறகு முறுக்குங்கள்

வார இறுதியில் கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் தம்பி தங்கைகளுக்கு,

சேலம், ஈரோடு, திருச்சியிலிருந்தும், சில வாரங்களில் சென்னை, பெங்களூருவிலிருந்தும் ராத்திரியே கிளம்பி வந்து, விடிகாலையில் காரவள்ளியில் டீ குடித்துவிட்டு மலையேறுகிறீர்கள். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அந்த எழுபதையும் ஓட்டிப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசையில் தப்பே இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதன் முழு ருசியும் வளைவில்தான் இருக்கிறது. நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் முறுக்கலாம்.

நான் அடிவாரத்தில் இருக்கிறவன். இந்தச் சாலையில் நீங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். மெதுவாகப் போங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் அதையே திரும்பச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. மெதுவாகப் போகிறவர்களும் இங்கே விழுகிறார்கள். நான் பார்த்தவரை, விழுந்தவர்களில் பலரிடம் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது. வண்டியைத் திருப்புகிற வேலையும் ஆக்சிலேட்டரை முறுக்குகிற வேலையும் அவர்கள் கையில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அவை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடக்க வேண்டியவை. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வளைவோரம் நின்று காதை மட்டும் கொடுத்தால் போதும், வருகிறவர் எப்படி ஓட்டுகிறார் என்று தெரிந்துவிடும். பழகினவர் வண்டியின் சத்தம் வளைவுக்கு முன்னால் இறங்கும், கியர் ஒன்று குறையும், அப்புறம் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியில்தான் வண்டி சாய்கிறது. அடுத்து சத்தம் மெல்ல ஆரம்பித்து, ஒரே இழையாக, எங்கும் அறாமல் ஏறிக்கொண்டே போய் அடுத்த வளைவுக்குள் மறையும். பழகாதவர் வண்டி வேறு மாதிரிக் கேட்கும். வளைவுக்குள் நுழையும்போதே முறுக்குவார், பயந்து விடுவார், மறுபடி முறுக்குவார், மறுபடி விடுவார். ஒரே வளைவுக்குள் சத்தம் மூன்று முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வண்டியின் எடை முன்னும் பின்னும் அலைகிறது. சாய்ந்த நிலையில் டயர் இரண்டும் அந்த அலைச்சலைத் தாங்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மலைச்சாலைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள விதிகளில் கொண்டை ஊசி வளைவின் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர், உள்வளைவின் குறைந்தபட்ச ஆரம் 14 மீட்டர். நீங்கள் ஓட்டும் பாதையின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவைச் சுற்ற வண்டி ஏறக்குறைய 12 டிகிரி சாய்ந்தால் போதும். 30-ல் போனால் 25 டிகிரி. 40-ல் போனால் 40 டிகிரி. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதன் விளைவு இது. மோட்டோஜிபி பந்தயக்காரர்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்கிறார்கள், உண்மைதான். சூடேற்றிய பந்தய டயரில், மணல் துகள் இல்லாத தளத்தில், எதிரே பேருந்து வராது என்ற உறுதியோடு சாய்கிறார்கள். நம் வண்டி 40 டிகிரியை நெருங்கும்போதே ஃபுட்ரெஸ்ட் உரச ஆரம்பித்துவிடும், காய்ந்த தார் ரோட்டிலும் டயரின் பிடிப்பு எல்லைக்கு வந்துவிடும்.

இதே கணக்கை ஆக்சிலேட்டர் பக்கமிருந்து பாருங்கள். 25 டிகிரி சாய்வில் 30 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சாய்வை மாற்றாமல் வேகத்தை மட்டும் 35 ஆக்கினால், வண்டி சுற்றும் வட்டத்தின் ஆரம் 15 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு மேல் போய்விடும். ஐந்து மீட்டர்! மலைச்சாலையில் ஐந்து மீட்டர் என்றால் ஏறக்குறைய முழு ரோடு. வளைவுக்குள் ஆக்சிலேட்டர் என்பது வேகத்தை மட்டும் கூட்டுகிற சாமான் இல்லை. வண்டி எந்தப் பாதையில் போகிறது என்பதையும் அதுதான் மாற்றுகிறது. நீங்கள் ஹேண்டில்பாரைத் தொடாமலே வண்டி வெளியே விரியும். இடது வளைவில் அப்படி விரிந்தால் எதிர்த் தடத்துக்குள் போவீர்கள். வலது வளைவில் விரிந்தால் ஓரத்துத் தடுப்புச்சுவர்.

ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் இந்தச் சாலையில் கூட்டம் அதிகம். அப்படி ஒரு நாளில், ஏறும் வழியில் ஒரு இடது வளைவில் தம்பி ஒருவன் விழுந்துகிடந்தான். பெரிய காயமில்லை. முழங்கையில் சட்டை கிழிந்து தோல் வழண்டிருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தியதும், "மண்ணு சறுக்கிடுச்சுண்ணா" என்றான். ரோட்டில் மண் இருந்தது உண்மை. ஆனால் பின் டயர் இழுத்த கறுப்புக் கோடு, மண் இருந்த இடத்துக்கு ஒரு ஆள் நீளம் முன்னாலேயே, சுத்தமான தாரில் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, என்னதான் செய்தாய் தம்பி என்று கேட்டேன். "உள்ள போகும்போது ஆக்சிலேட்டர் குடுத்தேண்ணா. வண்டி வெளிய போற மாதிரி இருந்துச்சு. அதான் இன்னும் சாய்ச்சேன். சாய்ச்சதும் போயிடுச்சு."

விபத்து முழுவதும் அவன் சொன்ன அந்த நாலு வாக்கியத்துக்குள் இருக்கிறது. முறுக்கினான், அதனால் வட்டம் விரிந்தது. விரிந்ததைச் சரிக்கட்டச் சாய்வைக் கூட்டினான். ஆனால் கை இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. டயருக்கு இருப்பது ஒரே பிடிப்பு. பக்கவாட்டில் வண்டியைத் தாங்கவும், பின் சக்கரத்தின் உந்தலைத் தரையில் இறக்கவும் அதே பிடிப்பிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நொடியில் கூடுதலாகக் கேட்டால் அது கொடுக்காது. சாய்வு கூடும்போது ஆக்சிலேட்டர் கூடக் கூடாது. ஆக்சிலேட்டர் கூட வேண்டுமானால் சாய்வு அப்படியே நிற்க வேண்டும், அல்லது குறைந்துகொண்டிருக்க வேண்டும். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வண்டி எப்படித் திரும்புகிறது என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. உடம்பைச் சாய்த்தால் திரும்பும் என்று நினைக்கிறோம். ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டிவிட்டால் வண்டியைத் திருப்புவது ஹேண்டில்பார்தான், அதுவும் நாம் நினைப்பதற்கு நேர் எதிராக. வலது பக்கம் போக வேண்டுமா? வலது கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். முன் சக்கரம் ஒரு நொடி இடது பக்கம் திரும்பும், சக்கரங்கள் அடியிலிருந்து இடது பக்கம் நகரும், வண்டி வலது பக்கம் சாயும். சாய்ந்த பிறகு முன் சக்கரம் தானாகவே வளைவுக்குள் திரும்பிக்கொள்ளும். இதைத் தெரியாமலே நீங்கள் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறீர்கள். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட்டே இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தாங்கள் எப்படித் திருப்புகிறோம் என்பது தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலை 1980-ல் தொடங்கிய கீத் கோடு, இதை நிரூபிக்கவே ஒரு வண்டி செய்தார். அதில் வழக்கமான ஹேண்டில்பாரோடு, அசையாமல் சேஸிஸோடு பொருத்திய இன்னொரு ஹேண்டில்பாரும் இருக்கும். அதிலும் ஒரு ஆக்சிலேட்டர் உண்டு. அசையாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் எவ்வளவு சாய்த்தாலும் வண்டி லேசாக ஒதுங்குமே தவிர, ஒரு வளைவை ஒழுங்காக எடுக்க முடியாது. அந்தப் பள்ளியின் பயிற்சி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் நடந்திருக்கிறது. செலவு கொஞ்சம் அதிகம். ஆனால் புது சைலன்சருக்கும் கூடுதல் விளக்குகளுக்கும் போடுகிற பணத்தைச் சேர்த்துவைத்தால், இந்த மாதிரிப் பயிற்சி ஒன்றுக்காவது போய்வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்புகிறோம். எப்போது தள்ளுவது? பெரும்பாலான தவறு இங்கேதான் தொடங்குகிறது. வளைவைக் கண்டதும் மனசுக்குள் ஒரு பயம் எழுகிறது. அந்தப் பயத்தில் சீக்கிரமே திருப்பிவிடுகிறோம். சீக்கிரம் திருப்பினால் வண்டி உள் ஓரத்தை வளைவின் முதல் பாதியிலேயே தொட்டுவிடும். மீதி வளைவு இன்னும் கிடக்கிறது, வண்டியோ வெளி ஓரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது இரண்டாவது முறை திருப்ப வேண்டும். ஆக்சிலேட்டரைத் திறக்கவும் முடியாது, திறந்திருந்தால் மூடவும் பயம். நேரத்துக்கு முறுக்க முடியாமல் தவிக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், அநேகமாக நேரத்துக்கு முன்னால் திருப்பியவர்களாக இருப்பார்கள். ஆக்சிலேட்டரின் நேரத்தை வலது மணிக்கட்டு தீர்மானிப்பதில்லை. எங்கே திருப்பினீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

அதனால் கொஞ்சம் பொறுத்துத் திருப்புங்கள். உங்கள் தடத்தின் வெளிப்பக்கமாகவே, வளைவின் மறுமுனை கண்ணில் திறக்கிற வரை போங்கள். அதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, பிரேக் பிடித்து கியர் இறக்கி வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரே தள்ளலில், தயக்கமில்லாமல், வேண்டிய சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். சாய்வு வந்ததும் கையைத் தளர்த்துங்கள். இனி திருப்புவதற்கு ஒன்றும் பாக்கியில்லை, இந்தப் பாதையே என்னை வெளியே கொண்டுபோய்விடும் என்று தெரிகிற அந்த நொடியில் ஆக்சிலேட்டரைத் தொடுங்கள். அந்த நொடிக்கு முன்னாலும் வேண்டாம், அதற்குப் பின்னால் ரொம்ப நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

பின்னால் ஏன் வேண்டாம் என்றும் கேட்க வேண்டும். மூடிய ஆக்சிலேட்டரோடு வளைவு முழுக்கச் சுற்றுவது பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது இன்ஜின் பிரேக் வண்டியை இழுக்கிறது. எடை முன்னால் சாய்கிறது, ஃபோர்க் அமுங்குகிறது, தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. முன் டயர்தான் இரண்டில் ஒல்லியானது. அதன் தலையில் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம். கீத் கோடு 1993-ல் வெளியிட்ட 'எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்' இரண்டாம் பாகத்தில் இதைத்தான் முதல் விதியாக வைக்கிறார்: ஒருமுறை திறந்த ஆக்சிலேட்டரை அந்த வளைவு முடிகிற வரை சீராக, மெதுவாக, இடைவிடாமல் திறந்துகொண்டே போக வேண்டும். நோக்கம் வேகம் இல்லை. முன் டயரில் 40 சதவீதம், பின் டயரில் 60 சதவீதம் என்று எடையை நிறுத்துவதுதான் நோக்கம். டயர்கள் இரண்டும் அந்தப் பங்கில்தான் நிதானமாக இருக்கின்றன. அதற்குத் தேவையான முடுக்கம் மிகக் கொஞ்சம், ஒவ்வொரு விநாடியும் வேகம் மணிக்கு 3.5-லிருந்து 7 கிலோமீட்டர் வரை கூடுகிற அளவு. வேகம் கூடுவதால் வட்டம் கொஞ்சம் விரியும், அந்த விரிவுக்கும் இடம் வைத்துத் திருப்பியிருக்க வேண்டும். தாமதமாகத் திருப்பியவருக்கு அந்த இடம் கையில் இருக்கும்.

மணிக்கட்டை இவ்வளவு நுணுக்கமாக அசைக்க வண்டியும் ஒத்துழைக்க வேண்டும். செயின் தொளதொளவென்று தொங்கினால், மூடிய ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது முதலில் அந்தத் தொய்வு இழுபடும், பிறகு டக்கென்று ஒரு உதறல். வண்டி சாய்ந்திருக்கும்போது அந்த உதறல் வரவே கூடாது. ஆக்சிலேட்டர் கேபிளில் ஓட்டம் அதிகமானாலும் இதே கதைதான். மெக்கானிக்கிடம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அஞ்சு நிமிஷ வேலை. கைப்பிடியையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கை விறைத்திருந்தால் ரோட்டின் ஒவ்வொரு குண்டு குழியும் கை வழியே ஆக்சிலேட்டருக்குப் போகும். தொடையால் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர விடுங்கள்.

இதுவரை சொன்னது கொண்டை ஊசிகளுக்கு நடுவே வரும் நீண்ட வளைவுகளுக்கு முழுக்கப் பொருந்தும். ஏறும்போது வரும் இறுக்கமான கொண்டை ஊசி கொஞ்சம் வேறு. நடை வேகத்துக்கு இறங்கிவிட்டால் கைப்பிடியை நேராகவே திருப்பித்தான் சுற்ற வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடினால் வண்டி நின்றுவிடும். உள்பக்கம் சாய்ந்த வண்டி நின்றால், காலை ஊன்ற நினைக்கிற இடத்தில் ரோடு ஒரு அடி கீழே இருக்கும். உட்கார்ந்த நிலையிலேயே விழுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் விழுகிறார்கள். அதனால் வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் அடக்குங்கள், தேவைப்பட்டால் ஹாஃப் கிளட்ச். இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கும், வேகமும் கூடாது. இங்கேயும் விதி மாறவில்லை. திருப்பும்போது ஆக்சிலேட்டர் அளவு மாறுவதில்லை. வண்டி நிமிர ஆரம்பித்த பிறகே கூட்டுகிறோம்.

இறங்கும்போதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். தயவு செய்து இதை இன்றோடு விடுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். அணைத்துவிட்டால் மிச்சமாகுமே என்பீர்கள். நியூட்ரலில் இருக்கிறவரிடம் இன்ஜின் பிரேக் கிடையாது, எடையைச் சமன் செய்ய ஆக்சிலேட்டரும் கிடையாது. இருப்பது இரண்டு பிரேக். எழுபது வளைவுக்கும் அதையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஸ்கூட்டரில் வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முழுசாக மூடி வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், அதன் பிறகு வண்டி சும்மா உருளும். இறங்கும் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் பிரேக்கை ஆற விடுங்கள்.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரின் வேலையும் சின்னதாகிவிடுகிறது. சரிவே வண்டியைத் தள்ளுகிறது. நீங்கள் முறுக்கித் தள்ள வேண்டியதில்லை. திருப்பி முடித்ததும் செயினின் தொய்வு எடுபடுகிற அளவு, ஒரு நூல் கனம், திறந்தால் போதும். இன்ஜின் பிரேக்கின் இழுப்பு விலகி வண்டி அமைதியாவது சீட்டிலேயே தெரியும். அதற்கு மேல் இறக்க வளைவில் கேட்காதீர்கள்.

வலது வளைவைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். வலது வளைவில் மஞ்சள் கோட்டை ஒட்டிச் சாய்ந்தால், டயர் நம் தடத்தில் இருக்கும், தலையும் தோளும் எதிர்த் தடத்தில் இருக்கும். எதிரே வரும் அரசுப் பேருந்துக்குக் கொண்டை ஊசியைச் சுற்ற முழு ரோடும் வேண்டும். அது ஓட்டுநரின் முரட்டுத்தனம் இல்லை, வண்டியின் நீளம். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஹார்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே காத்திருங்கள். வளைவுக்குள் மாட்டிக்கொண்டால் முறுக்கவும் இடமிருக்காது, சாய்க்கவும் இடமிருக்காது.

கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும். தடுப்புச்சுவரை முறைத்துப் பார்த்துக்கொண்டே அதில் மோதியவர்கள் உண்டு. வேகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வெளியே போகிறோம் என்று வளைவுக்குள் தோன்றினால் முதலில் பார்வையை வளைவின் முடிவுக்குத் திருப்புங்கள். ஆக்சிலேட்டரைப் படாரென்று விடாதீர்கள். இருந்த அளவில் வைத்தோ, மெல்லக் குறைத்தோ, உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பெரும்பாலும் வண்டியிடம் சாய்வதற்கு இன்னும் மிச்சம் இருக்கும். பயந்துபோன நம்மிடம்தான் இருக்காது. எதிரே மாடோ, உருண்டு விழுந்த கல்லோ இருந்து, நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், அப்புறம் பிரேக். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டியிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருக்கிறதா என்று தெரியாது. சாய்வை அளந்து வேலை செய்கிற வகை சில விலை உயர்ந்த வண்டிகளில்தான் இருக்கிறது.

படித்தவர்கள் சிலர் இங்கே ஒரு மறுப்புச் சொல்வீர்கள். நிக் ஐனாட்ச் போன்ற ஆசிரியர்கள், பிரேக்கை நேர் ரோட்டிலேயே விட்டுவிடாமல், சாயும்போதும் முன் பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டே போகச் சொல்கிறார்களே என்று. ஆமாம், அது நல்ல வித்தைதான். கண்ணுக்கு மறைந்த வளைவில் அது காப்பாற்றவும் செய்யும். ஆனால் பிரேக்கை எங்கே விடுவது என்பதில்தான் கீத் கோடுக்கும் இவர்களுக்கும் கருத்து வேறுபாடு. சாய்வு கூடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரையும் கூட்டு என்று எந்தத் தரப்பும் சொல்வதில்லை. முதலில் வரிசையைக் கைக்குப் பழக்குங்கள். விரலின் நுணுக்கம் அதற்குப் பிறகு வரட்டும்.

பழக்க மலைக்கு வர வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் மைதானம் போதும். நாலு செங்கல்லோ தண்ணீர் பாட்டிலோ வைத்து ஒரு பெரிய அரைவட்டம் போடுங்கள். இரண்டாவது கியரில், பிரேக்கே தொடாமல், 25-ல் வாருங்கள். ஒரு குறி வைத்து அந்த இடத்தில் மட்டும் ஆக்சிலேட்டரை மூடுங்கள், அடுத்த குறியில் கைப்பிடியைத் தள்ளுங்கள். வண்டி சாய்ந்து நிலைத்ததும் "இப்போ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு முறுக்குங்கள். வாய்விட்டுச் சொல்வதில் ஒரு லாபம் இருக்கிறது. கை முந்திக்கொண்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். நண்பரை ஓரமாக நிற்கவைத்துச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இறக்கம், அமைதி, ஒரே இழையாக ஏற்றம், அவ்வளவுதான் அவர் காதில் விழ வேண்டும். வலது பக்கம் வந்துவிடும், இடது பக்கம் வராது, அல்லது மாற்றி இருக்கும். வராத பக்கத்தை அதிகம் ஓட்டுங்கள். பின்னால் ஆளை உட்காரவைத்தும் ஒருமுறை செய்துபாருங்கள், ஏனென்றால் மலைக்கு ஜோடியாகத்தான் வருகிறீர்கள். பின்னால் இருப்பவர் உங்கள் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி உங்களோடு சேர்ந்து சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீங்கள் போட்ட கணக்கு தப்பும்.

குழுவை அழைத்துவரும் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதியவரைக் கடைசியில் விடாதீர்கள். கடைசியில் விட்டால் அவர் முன்னால் போகிறவரின் விளக்கைத் துரத்திக்கொண்டு வருவார், தன் வளைவைப் பார்க்க மாட்டார். உங்களுக்கு அடுத்து இரண்டாவதாக வைத்துக்கொண்டு, அவர் திருப்பும் இடத்தைக் கண்ணாடியில் கவனியுங்கள். வண்டிக்கும் வண்டிக்கும் ஒரு வளைவு இடைவெளி இருக்கட்டும். எல்லோரும் சேருவதற்கு வளைவில் நிற்காதீர்கள். படம் எடுக்கவும் அங்கே நிற்க வேண்டாம், மேலே ஏறும் பேருந்துக்கு அந்த இடம் வேண்டும். சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் விசாலமான இடம் இருக்கிறது, அங்கே காத்திருங்கள். இறங்கும் முன் பிரேக்கையும் செயினையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்,
அடிவாரத்திலிருந்து உங்கள் அண்ணன்